மேட்டுக்கு ஒரு சிலிண்டர்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்த எல்லோருக்கும் அவளைத் தெரியும். நேரில் பார்த்தவர்கள் குறைவு. பெரிய வாசலை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு சுவிட்ச்போர்டு, ஒரு மேசை விசிறி, ஒரு ஜன்னல். எந்த வார்டுக்கு என்ன எண் என்று அவள் எதையும் பார்த்துச் சொன்னதில்லை. அழுதுகொண்டே பேசுகிறவர்களை முதலில் அழவிடுவாள். அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் "எந்த வார்டுங்க?" என்று கேட்பாள். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மற்றதெல்லாம் ஒயர்.

வீட்டில் அவள் ஹலோ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கதவைத் தட்ட, உள்ளேயிருந்து "ஹலோ, ஆஸ்பத்திரி" என்று குரல் கொடுத்துவிட்டாள். தட்டியது அக்காவின் கணவர். "ஒரு ஜுர மாத்திரை கிடைக்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார். அன்றிலிருந்து அவருக்கு அவள் ஹலோ. ஒரு மாதத்தில் தெருவுக்கும் ஹலோ.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் பாதியில் நிறுத்திவிட்டிருந்தது. ஊன்றுகோல்களை வைத்துக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகலாம். அதற்கு மேல் என்றால் யாராவது தூக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அப்பா தூக்கிப் போனார். அவர் முதுகு பிடித்துக்கொண்ட பிறகு அண்ணன் தூக்கினான். நல்ல அண்ணன். ஒரு நாள்கூட முகம் சுளித்தது கிடையாது. ஆனால் அவனுக்குத் தலைவலி என்றால் அவளுக்கு லீவு. அவனுக்குப் படம் பிடிக்கவில்லை என்றால் இடைவேளையோடு அவளுக்கும் படம் முடிந்தது. கல்யாண வீடுகளில் அவளை ஒரு நாற்காலியில் வைப்பார்கள். எல்லோரும் கிளம்பும்போது ஞாபகமாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஞாபகம் வரவில்லை. அதைச் சொல்லி இன்றைக்கும் வீட்டில் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

வேலை கிடைத்த பிறகு ஸ்கூட்டர் வந்தது. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்து வெல்டிங் செய்தார்கள். கால் பிரேக்கைக் கையால் பிடிக்கும்படி மாற்றினார்கள். காலால் உதைக்கும் கிக்கரில் நீளமான கம்பி ஒன்றைப் பொருத்தினார்கள். சீட்டில் உட்கார்ந்தபடி குனிந்து அதை மேலே இழுத்தால் இஞ்சின் சுழலும். முதல் நாள் அவள் அந்த வண்டியில் எங்கேயும் போகவில்லை. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினாள். மறுபடியும் போய்த் திரும்பினாள். பெட்ரோல் தீரும்வரைக்கும் அதையே செய்தாள்.

அதன் பிறகு அவளை யாரும் தூக்கவில்லை.

வண்டியை அவளே பார்த்துக்கொண்டாள். வீட்டின் பின்பக்கம் சிமெண்ட் தரை. அதில் சாக்கு விரித்து உட்கார்ந்தால் இஞ்சின் நேராகக் கண்ணுக்கு முன்னால் இருக்கும். மெக்கானிக்குகள் எல்லாம் குனிந்தும் குந்தியும் பார்ப்பதை அவள் சும்மா உட்கார்ந்தே பார்த்தாள். பிளக் துடைப்பது, கார்பரேட்டர் கழுவுவது, கேபிள் மாற்றுவது எல்லாம் கையில் வந்துவிட்டன. இஞ்சினுக்குள் மட்டும் கை வைத்ததில்லை.

அந்த நேரம் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மேட்டின் மேல் புதுக் கட்டடம் கட்டி முடித்திருந்தார்கள். சுவிட்ச்போர்டு அங்கே போகிறது என்று சொன்னார்கள். மேட்டுக்குப் போகும் பாதை இரண்டு வளைவு. இரண்டாவது வளைவு நிமிர்ந்து நிற்கும். உத்தரவு வந்த அன்றே ஷிப்ட் முடிந்ததும் வண்டியை அங்கே விட்டுப் பார்த்தாள். முதல் வளைவில் வண்டி இருமியது. இரண்டாவதில் நின்றுவிட்டது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் உருளாமல் நின்றாள். ஸ்ட்ரெச்சர் தள்ளும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"உக்காருக்கா, நாங்க இருக்கோம்ல."

"தினமும் ஒரு தள்ளு தள்ளிட்டா போச்சு. எங்களுக்கு இதுதானே வேலை."

தள்ளினார்கள். நல்ல பையன்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் நன்றி சொன்னாள். திரும்பி இறங்கும்போது அவளுக்கு அழுகையாக வந்தது.

கண்காணிப்பாளரும் கெட்டவர் இல்லை.

"திங்கக்கிழமை காலை ஷிப்ட் மேலேதான். உங்களால தனியா வந்துட முடியும்னா சீட் உங்களுக்கு. கஷ்டம்னா சொல்லிடுங்க. கீழே ரெக்கார்டு ரூம்ல இடம் இருக்கு. அங்க நிம்மதியா இருக்கலாம். போனே கிடையாது."

"வந்துடுவேன் சார்."

"வண்டி ஏறலைன்னு சொன்னாங்களே."

"ஏறும் சார்."

செய்தி எப்படியோ அண்ணனுக்குப் போய்விட்டது. ராத்திரி போன் செய்தான்.

"நான் தினமும் காலையில வந்து தூக்கிட்டுப் போயிடறேன். சாயங்காலம் இறக்கி விட்டுடறேன். இதுக்குப் போயி ஏன் மண்டையைப் போட்டு உடைச்சுக்கறே?"

"வேணாம்ணே."

"எனக்கென்ன கஷ்டம்?"

"உனக்குக் கஷ்டம்னு நான் சொல்லலையே."

"உன் இஷ்டம்," என்றான் அண்ணன்.

உதிரிப் பாகக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். கம்பெனி சிலிண்டர் இல்லை. வெளியே யாரோ செய்வது. பழையதைவிட வாய் பெரியது. சிலிண்டர், பிஸ்டன், அதைச் சுற்றி மாட்டும் இரண்டு ரிங், அதற்குள் நுழையும் பின், பின்னை இரண்டு பக்கமும் பிடிக்கும் லாக், லீக் ஆகாமல் அடியில் வைக்கும் காகித கேஸ்கட் எல்லாம் அதற்குள் இருந்தன. கூடவே, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டிலும் பெரியதாக ஒன்று கொடுத்தார்.

"பெரிய வயிறு. கொஞ்சம் அதிகமாக் குடிக்கும். உங்க வண்டியில நாலு சக்கரம் ஓடுதே, பாவம் அதுவும் என்ன பண்ணும்? இதைப் போட்டீங்கன்னா மேடு என்ன, மாடியே ஏறும்."

தெரு மெக்கானிக்கிடம் பத்து வண்டிகள் நின்றன. அடுத்த வாரம்தான் என்றான். எனவே சனிக்கிழமை காலையில் அவள் சாக்கை விரித்தாள். அத்தான் மாடியிலிருந்து தன் டூல் பெட்டியோடு இறங்கி வந்தார்.

அவர் தண்ணீர் பம்ப் மெக்கானிக். ஊரில் பாதி மாடித் தொட்டிகள் அவர் கையால்தான் நிரம்பின. உலகத்தில் இரண்டே வியாதிதான் என்பார். ஒன்று லீக். இன்னொன்று லீக் ஆகப்போவது. கல்யாணத்தில் தாலி கட்டும்போதே மூன்றாவது முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தவர் என்று அக்கா சொல்வாள்.

"இஞ்சின்னா என்ன ஹலோ? அதுவும் ஒரு பம்ப்தான். தண்ணிக்குப் பதிலா காத்தை இழுக்குது, அவ்வளவுதான். நான் பார்த்துக்கறேன்."

"நீங்க நட்டைக் கழட்டுங்க அத்தான். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"பாத்தியா, சீட்ல உக்காந்து உக்காந்து இவளுக்கு அதிகாரம் பண்ணிப் பழகிடுச்சு," என்று அவர் ஜன்னலில் நின்ற அக்காவிடம் சொன்னார்.

மேல் மூடியைக் கழற்றினார்கள். காற்றை இஞ்சின் பக்கம் திருப்பும் தகரக் கூண்டைக் கழற்றினார்கள். சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட் வந்தது. சிலிண்டரை மெதுவாக ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தார்கள். உள்ளே நீளவாக்கில் கோடு கோடாகக் கிழித்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். நகம் மாட்டியது. இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டுதான் இது அவளைச் சுமந்திருக்கிறது என்று நினைத்தபோது வண்டியின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

இஞ்சினின் திறந்த வாயில் சுத்தமான துணியை அடைத்தாள். அதற்குள் ஏதாவது விழுந்தால் முழு இஞ்சினையும் பிரிக்க வேண்டும். பழைய பின்னின் லாக்கைக் குறடால் பிடித்து இழுத்தாள். அது டிங் என்று துள்ளிப் போயிற்று. மூன்று பேரும் அப்படியே உறைந்தார்கள். டீயோடு வந்திருந்த அக்கா அசையவே இல்லை.

"துணிக்குள்ள போயிருக்குமா?"

"துணியைத் தொடாதீங்க அத்தான்!"

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். துணியில் இல்லை. தரையில் இல்லை. சாக்கில் இல்லை.

"ஏங்க, இந்த டீயில ஏதோ விழுந்துச்சு," என்றாள் அக்கா.

டம்ளரின் அடியில் இருந்தது. அத்தான் அந்த டீயையும் குடித்தார்.

புதுப் பிஸ்டனின் தலையில் ஓர் அம்புக்குறி இருந்தது. அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பார்க்க வைத்தாள். பின்னை எண்ணெய் தொட்டு உள்ளே தள்ளினாள். இரண்டு பக்கமும் புது லாக்கைப் போட்டு, அவை காடியில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஊக்கால் சுற்றித் தள்ளிப் பார்த்தாள். அடுத்தது ரிங். ரிங் முழு வட்டம் இல்லை, ஓரிடத்தில் வெட்டு இருக்கும். பிஸ்டனில் அந்த வெட்டுக்கு நேராக ஒரு சின்ன முளை. வெட்டு அந்த முளைக்கு வெளியே நகர்ந்தால் சிலிண்டர் உள்ளே இருக்கும் ஓட்டையில் மாட்டி ரிங் உடையும். டூ-ஸ்ட்ரோக்கில் இதுதான் கண்டம். அதை அவள் எண்ணெய் விரலால் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தபோது உள்ளே போன் அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்துதான். சனிக்கிழமை சீட்டில் இருந்த புதுப் பெண் பதறிக்கொண்டிருந்தாள். ரத்த வங்கிக்கு லைன் போகவில்லை. எந்த வழியாகப் போட வேண்டும் என்று கேட்டாள். ஹலோ ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானாகச் சொன்னாள். லைன் கிடைக்கும்வரை காத்திருந்தாள். கிடைத்த பிறகு அந்தப் பெண் அழுதாள். அழவிட்டாள்.

"திங்கக்கிழமை நீங்கதானேக்கா வருவீங்க? எனக்குத் தனியா பயமா இருக்கு."

"வருவேன்."

திரும்பி வந்தபோது அத்தான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேஸ்கட் போட்டாச்சா?"

"போட்டாச்சு. வாயைச் சுத்திப் பேஸ்டும் தடவியாச்சு. இனிமே கடவுளே வந்தாலும் லீக் ஆகாது."

அவள் கண் ரிங்கிலேயே இருந்தது. இரண்டு கையின் விரல்களாலும் ரிங்கை அமுக்கிப் பிடித்தாள். அத்தான் சிலிண்டரை மேலேயிருந்து மெதுவாக இறக்கினார். ஒரு ரிங் உள்ளே போனது. இரண்டாவதில் தட்டி நின்றது.

"அமுக்கட்டுமா?"

"கூடவே கூடாது. கொஞ்சம் மேல தூக்குங்க. ம். இப்போ."

சிலிண்டர் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு இறங்கி உட்கார்ந்தது. ஹெட்டை வைத்து நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ஜெட்டை மாற்றினாள். தகரக் கூண்டு மட்டும் சண்டை போட்டது. கூண்டின் திருகாணி ஓட்டை இஞ்சினில் இருந்த ஓட்டைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அத்தான் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி, ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து முடுக்கினார்.

"ஏன் சேரலை?"

"வெளி கம்பெனி சாமான்னா அப்படித்தான் இருக்கும். கட்டிக்கிட்டா பழகிடும். உங்க அக்கா இல்லையா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

பெட்ரோலில் வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் கலந்தாள். புதுச் சிலிண்டருக்குப் பழக்கம் வேண்டும். கம்பியைப் பிடித்து இழுத்தாள். சில இழுப்புகளிலேயே பிடித்துக்கொண்டது. தெரு முழுவதும் நீலப் புகை. எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் வந்து நின்றார்.

"கொசு மருந்தா அடிக்கறீங்க?"

"ஆமாங்க. உங்க வீட்டுக்கும் சேத்துத்தான்," என்றார் அத்தான்.

சாயங்காலம் முழுவதும் சமதளத்தில் மெதுவாக ஓட்டினாள். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினாள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. முறுக்கினால் கூவிக்கொண்டு பறந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் மேட்டுக்குப் போனார்கள். அத்தான் தன் பைக்கில் பின்னால் வந்தார்.

வண்டி முதல் வளைவையே தாண்டவில்லை.

அவள் நம்பவில்லை. கீழே வந்து, தூரத்திலிருந்தே வேகம் எடுத்து வந்தாள். வேகம் இருந்தவரைக்கும் ஏறியது. வேகம் குறைந்ததும் காற்றுப் போன பந்து மாதிரி தொய்ந்துவிட்டது. பழைய சிலிண்டராவது இரண்டாவது வளைவுவரைக்கும் வந்தது. அத்தான் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்து வண்டியின் பின்னால் கை வைத்தார்.

"தொடாதீங்க."

"இல்லம்மா, ஒரு சின்னத் தள்ளு…"

"அத்தான். தொடாதீங்க."

அவர் கையை எடுத்தார். அவள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, பின்பக்கமாகவே கீழே இறங்கினாள். மேட்டின் அடியில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். மேலே புதுக் கட்டடத்தின் கண்ணாடிகளில் வெயில் அடித்தது. ரெக்கார்டு ரூமில் ஜன்னல் இல்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. காலையில் அண்ணன் வந்து நிற்பான், குனிவான், "கழுத்தைப் பிடிச்சுக்கோ" என்பான். அந்தச் சட்டையின் சோப்பு வாசனைகூட வந்துவிட்டது.

"வீட்டுக்குப் போலாம்," என்றார் அத்தான்.

அவள் குனிந்து கம்பியை இழுத்தாள். இஞ்சின் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு மூன்றாவது தடவை இழுக்காமல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலால் உதைக்கிறவர்களுக்கு உடம்பின் முழு எடையும் போய்விடும். இஞ்சின் எவ்வளவு எதிர்க்கிறது என்று தெரியாது. அவள் வருஷக்கணக்காகக் கையால் இழுக்கிறவள். பழைய சிலிண்டர் எவ்வளவு கனம் என்று அவள் தோளுக்குத் தெரியும். தேய்ந்துபோன அதைவிடப் புதிய பெரிய சிலிண்டர் கனமாக அல்லவா இருக்க வேண்டும்?

"அத்தான், கிக்கர் ஏன் இவ்வளவு லேசா வருது?"

"புதுசில்லையா. வழவழன்னு இருக்கும்."

"புதுசு டைட்டாதானே இருக்கணும்? உள்ள காத்தை அமுக்குதுன்னா கையைப் பிடிச்சு இழுக்கணுமே. இது தண்ணியில கை விட்ட மாதிரி வருது."

அத்தான் தாடையைச் சொறிந்தார்.

"கூண்டும் சேரலை," என்றாள் அவள். "ஓட்டை மேல நின்னுச்சு. அப்படின்னா சிலிண்டர் மேல நிக்குது. சிலிண்டர் ஏன் மேல நிக்கணும்?"

அத்தான் மரத்தைப் பார்த்தார்.

"அத்தான்."

"என்ன?"

"அடியில என்ன போட்டீங்க?"

"கேஸ்கட்தான். அவங்க குடுத்ததுதான்."

"அது மட்டுமா?"

அவர் கொஞ்ச நேரம் மரத்தையே ஆராய்ந்தார். பிறகு ஒரு பெரிய லீக்கை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னார்.

"அது காகிதம் மாதிரி இருந்துச்சும்மா. ஊதினா பறக்குது. அதை நம்பி உன்னை எப்படி மேட்டுல விடறது? நம்ம பம்ப் பேக்கிங் ஷீட் இருக்குல்ல, கெட்டியா, அதுல ஒண்ணு அளவா வெட்டி அது மேல…"

"எவ்வளவு கெட்டி?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அத்தான் கைக்குட்டையைத் தேடினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிலிண்டருக்கு மெத்தை போட்டிருக்கீங்க அத்தான்! ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கலாம். காத்தை எங்க அமுக்கும்? பெட்ரோல் வர்ற வழி, புகை போற வழி எல்லாம் மேல ஏறிப்போச்சு. கத்துறதுக்குத்தான் ஆகும், இழுக்கறதுக்கு ஆகாது."

"லீக் ஆகலைல்ல?"

"ஆகலை."

"அதைச் சொல்லு," என்றார் அவர். ஆனால் அவளைப் பார்க்காமல் பைக்கைக் கிளப்பினார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அக்கா அடுப்பை அணைத்துவிட்டே வந்தாள்.

"உங்க பம்ப் புத்தியை எங்க கொண்டுவந்து வைக்கறீங்க? அவ வேலை போயிருந்தா? தொட்டியில உக்காத்தி வெச்சுத் தண்ணி ஊத்துவீங்களா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

"நீங்க நல்லது செய்யறப்பத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது."

"அவரை விடுக்கா. நட்டைக் கழட்டணும். நேரமில்லை."

மறுபடி எல்லாம் வெளியே வந்தது. சிலிண்டரைத் தூக்கியபோது கெட்டியான கறுப்பு ஷீட் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. அதனோடு ஒட்டியிருந்த, பெட்டியில் வந்த காகித கேஸ்கட் மூன்று துண்டாகக் கிழிந்தது. பேஸ்ட் அவ்வளவு நன்றாகத் தடவியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. உதிரிப் பாகக் கடை மூடியிருக்கும். அவள் கிழிந்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தாள். சேர்ந்தது. ஆனால் ஆகாது.

அத்தான் ஒரு துண்டை எடுத்து விரல் நுனிகளுக்கு நடுவே வைத்து உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மாடிக்குப் போனார். மேலே அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. புதுச் சட்டை ஒன்றின் பெட்டியைப் பிரித்து, கழுத்துக்குக் கீழே வைத்திருக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதையும் காகிதத் துண்டையும் மாற்றி மாற்றி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இதேதான்," என்றார்.

எண்ணெயில் நனைத்துத் துடைத்தார். அட்டையைச் சிலிண்டரின் அடிப்பக்கம் வைத்து, சுத்தியலின் உருண்டைத் தலையால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். தட்டின இடத்தில் இரும்பின் ஓரமே அட்டையை வெட்டியது. நடு வட்டம் விழுந்தது. சிலிண்டரைப் பிடித்து நிற்கும் ஸ்டட் கம்பிகளுக்கான ஓட்டைகள் ஒவ்வொன்றாகப் பொட்டு மாதிரி விழுந்தன. பெட்ரோல் போகும் வழிகளின் வளைவு அப்படியே வந்தது. அவர் ஒரு தடவைகூடக் கத்தரியைத் தொடவில்லை. முப்பது வருஷமாகப் பம்புகளுக்குச் செய்ததுதான். ஆனால் இவ்வளவு மெதுவாக அவர் தட்டி அக்காவே பார்த்ததில்லை.

அவள் அதை ஸ்டட்டுகளின் மேல் போட்டாள். சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்தது.

"பேஸ்ட்?" என்றார் அத்தான்.

"வேணாம்."

"கொஞ்சூண்டு?"

"லீக் ஆச்சுன்னா என்னைத் திட்டுங்க."

"ஒண்ணுதானே வெட்டினீங்க? கையைக் காட்டுங்க," என்றாள் அக்கா. காட்டினார். "பாக்கெட்?" பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

ரிங்கை மறுபடி முளைக்கு நேராக வைத்தாள். விரல்களால் அமுக்கினாள். சிலிண்டர் இறங்கியது. இந்த முறை தகரக் கூண்டை நெம்ப வேண்டியிருக்கவில்லை. திருகாணி தானாகவே ஓட்டையைக் கண்டுபிடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

சீட்டில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்து இழுத்தாள். கம்பி பாதியில் நின்றது. நின்று, கையைத் திருப்பி இழுத்தது. தோள்பட்டை வெட்டியது.

"ஐயோ," என்றாள்.

"என்னாச்சு?"

"வலிக்குது!" அவள் முகம் முழுவதும் சிரிப்பு. "அத்தான், தோள் கழண்டுடும் போல இருக்கு!"

"நல்லதா கெட்டதா? அதைச் சொல்லு முதல்ல."

இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். இஞ்சின் பிடித்தது. நேற்றைய கூவல் இல்லை. கனமான, தொண்டையிலிருந்து வருகிற சத்தம். மத்தியானம் முழுவதும் மறுபடி சமதளத்தில் ஓட்டி ஆறவிட்டு, ஆறவிட்டு ஓட்டினாள். வெயில் இறங்கிய பிறகு மேட்டுக்குப் போனாள்.

அத்தான் அடியிலேயே நின்றுகொண்டார். பின்னால் வந்தால் கை சும்மா இருக்காது என்று அவருக்கே தெரிந்திருந்தது. முதல் கியரில், அதிகம் முறுக்காமல் ஏறினாள். முதல் வளைவு வந்தது, போனது. இரண்டாவது வளைவில் இஞ்சின் சத்தம் தடித்தது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. சக்கரம் ஒவ்வொரு கல்லாக ஏறுவது முதுகில் தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. நடக்கிற வேகம்தான். ஆனால் அந்த நடை மாறாமல் அவளை வளைவைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சமதளத்தில் விட்டது.

புதுக் கட்டடத்தில் யாரும் இல்லை. பெயிண்ட் வாசனை வந்தது. வாசலுக்குப் பக்கத்தில் சாய்தளம் இருந்தது. இஞ்சினை அணைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். கீழே ஊர் தெரிந்தது. இந்த ஊரில் இருந்துகொண்டே அவள் இதை மேலேயிருந்து பார்த்ததில்லை. கைகள் தளர்ந்து மடியில் கிடந்தன. எத்தனை நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பது தாடை வலித்தபோதுதான் தெரிந்தது.

பிறகு வண்டியைத் திருப்பி இறங்கினாள்.

அவள் கீழே வருவதைப் பார்த்ததும் அத்தானின் முகம் விழுந்துவிட்டது.

"விடும்மா. வேற வழி பார்க்கலாம். நான் அந்த சார்கிட்ட நேரா வந்து பேசறேன்…"

"மேல போயிட்டுத்தான் வர்றேன்."

"எப்போ?"

"இப்பத்தான்."

"வளைவுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியலையே! சத்தம் நின்ன மாதிரி இருந்துச்சு. நான் நீ நின்னுட்டேன்னு…" அவர் பைக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். "சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொல்லிட்டுத்தானே போனேன்."

"நான் பார்க்கவே இல்லையே."

"அப்ப இன்னொரு தடவை போறேன். பைக்கை எடுத்துக்கிட்டு வாங்க. தள்ளி வாங்க. கையை ஹேண்டில்லயே வெச்சுக்கங்க."

இரண்டாம் தடவையும் ஏறியது. மேலே போனதும் அத்தான் முதல் காரியமாக டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, சிலிண்டரின் அடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் தடவினார். விரலை முகர்ந்தார்.

"சொட்டுகூட இல்லை," என்றார். சட்டை அட்டையைப் பற்றி அன்று முழுவதும் வேறு எதுவும் பேசவில்லை. ஆனால் சாப்பிடும்போது இரண்டு தடவை தானாகச் சிரித்தார்.

அவள் தட்டைக்கூடக் கழுவாமல் போய்ப் படுத்துவிட்டாள். அண்ணன் போன் செய்தபோது அக்காதான் பேசினாள்.

"ஏறிடுச்சுடா. ஆமா. அவளேதான். இல்லைடா, தூங்கறா. நீ காலையில வர வேணாம். சும்மா பார்க்கணும்னா மத்தியானமா வா."

திங்கட்கிழமை காலையில் அவள் மேலே போனபோது வாசலில் புதுக் காவலாளி நின்றார். மேட்டுக்காக நியமித்தவர். அவளை முன்பு பார்த்ததில்லை. அவள் சாய்தளத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஊன்றுகோல்களை எடுப்பதற்குள் விசிலை ஊதிக்கொண்டு வந்தார்.

"இங்க வைக்கக் கூடாதுங்க. ஆம்புலன்ஸ் வர்ற வழி."

பின்னால் நடந்து வந்த ஸ்ட்ரெச்சர் தள்ளும் பையன் அவரை மறித்தான்.

"யோவ், அக்காவை ஏன்யா… அவங்க எங்க வேணா வைக்கலாம்."

"எங்க வேணா எப்படி வைக்க முடியும்? வழியில வைக்க முடியுமா?" காவலாளி விடவில்லை. "எல்லாருக்கும் ஷெட் போட்டிருக்கில்ல? அங்க கொண்டுபோய் விடுங்க. சீக்கிரம், சீக்கிரம். எடுங்க வண்டியை."

பையன் சண்டைக்குத் தயாரானான். அவள் அவனைக் கையமர்த்தினாள்.

"அவர் சொல்றது சரிதான்டா," என்றாள். குனிந்து கம்பியை இரண்டு கையாலும் இழுத்து வண்டியைக் கிளப்பி, எல்லோரும் வைக்கிற இடத்துக்குப் போனாள்.